இஸ்திரிப்பெட்டியும் டியூப்லைட்டும்

அந்தப் போனுக்கு ‘இஸ்திரிப்பெட்டி’ என்று பெயர் வைத்ததே அக்காதான்.

அம்மா பல வருடம் உழைக்க வைத்துவிட்டு, “இனிமே இது உனக்கு” என்று குண்டூசியிடம் கொடுத்த பழைய போன் அது. கண்ணாடி முழுக்கக் கீறல். பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் வேலை வாங்கினால் கொதிக்க ஆரம்பித்துவிடும். அப்புறம் தானாகவே அணைந்துவிடும்.

“ஏய், என் சட்டையைக் கொஞ்சம் தேய்ச்சுக் குடுடி, உன் போனாலே!” என்று அக்கா கேலி செய்வாள்.

குண்டூசி என்பது சின்னவளின் பட்டப்பெயர். ஆள் ஒல்லி, பேச்சு கூர்மை. ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். கேலி செய்தால் சும்மா விடமாட்டாள். அக்காவை எப்படிப் பழி வாங்கினாள் என்பது பின்னால் தெரியும்.

அக்கா ரொம்பக் கெட்டிக்காரிதான். ஆனால் ஜோக் மட்டும் அவளுக்கு உடனே புரியாது. எல்லோரும் சிரித்து முடித்து, சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருக்கும்போது, இவள் மட்டும் தனியாக நின்று சிரிப்பாள்.

அன்று சனிக்கிழமை. காலை பதினொரு மணிக்கு அக்காவுக்கு இன்டர்வியூ. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில், அவசரத்தில் அழைப்பவர்களுக்குப் போனில் பதில் சொல்லும் வேலை. எத்தனையோ இடத்துக்கு விண்ணப்பம் போட்டு, கூப்பிட்டது இந்த ஒரு இடம்தான். அதுவும் கம்ப்யூட்டர் வழியாக, முகம் பார்த்துப் பேச வேண்டும். நேரத்துக்கு வராதவர்களுக்கு மறு வாய்ப்பு கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

ஒரு வாரமாக வீட்டில் ஒரே ஒத்திகை. குண்டூசிதான் போன் செய்பவள்.

“ஹலோ! எங்க வீட்டுப் பூனை என் பல்லை முழுங்கிடுச்சு! சீக்கிரம் வாங்க!”

“பதறாதீங்க. முதல்ல நீங்க எங்க இருக்கீங்கன்னு சொல்லுங்க” என்பாள் அக்கா, சிரிக்காமல். மறுநாள் பல் தேய்க்கும்போது சிரித்தாள்.

ஆனால் பாருங்கள், இன்டர்வியூ அன்று காலையில் தெருவில் யாரோ பள்ளம் தோண்டி ஒயரை அறுத்துவிட்டார்கள். கட்டடம் முழுக்க நெட் இல்லை. அக்காவின் போனோ ரிப்பேர் கடையில் கிடந்தது. அம்மா வேலைக்குப் போயாயிற்று.

“அக்கா, என் போன்ல ஹாட்ஸ்பாட் போட்டுத் தரேன்” என்றாள் குண்டூசி.

ஒரு போனில் இருக்கும் நெட்டைப் பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் பகிர்ந்து கொடுப்பதுதான் ஹாட்ஸ்பாட். ஒயர் எதுவும் வேண்டாம். ஆனால் இரண்டும் கிட்டக்கிட்ட இருக்க வேண்டும்.

“இஸ்திரிப்பெட்டியை நம்பி இன்டர்வியூவா? ஆளை விடு தாயே!” என்று அக்கா லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டாள். “நான் நூலகத்துக்குப் போறேன். அங்கே நெட் நல்லா வரும்.”

குண்டூசிக்குச் சுருக்கென்றது. “போ, போ. எனக்கென்ன?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில், ‘டிரிங்ங்ங்’ என்று மணி அடித்தது. வீட்டு மணி இல்லை. லிஃப்ட்டின் அபாய மணி!

குண்டூசி போனை எடுத்துக்கொண்டு நான்காம் மாடியிலிருந்து இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினாள். மூன்றாம் மாடியில் லிஃப்ட் நின்றிருந்தது. கதவு திறக்கப் பார்த்து, மனதை மாற்றிக்கொண்டதுபோல் அப்படியே சிக்கியிருந்தது. நடுவில் ஒரு நூல் அளவு இடுக்கு. விரல்கூட நுழையாது.

“யாராவது இருக்கீங்களா?” அக்காவின் குரல்.

“அக்கா! நான்தான்!”

“அப்பாடா! வாட்ச்மேன் அண்ணன்கிட்ட சொல்லுடி. லிஃப்ட் மெக்கானிக்கைக் கூப்பிடச் சொல்லு. உள்ளே குழாய் அண்ணனும் இருக்காரு.”

குழாய் அண்ணன் என்றால் கட்டடத்தில் எந்தக் குழாய் ஒழுகினாலும் வந்து சரிசெய்பவர். “பாப்பா, சீக்கிரம்மா! எனக்கு இந்த மாதிரி அடைச்ச இடம்னாலே ஆகாது!” என்று அவர் உள்ளேயிருந்து கத்தினார்.

குண்டூசி கீழே ஓடினாள். வாட்ச்மேன் லிஃப்ட்டின் மின்சாரத்தை அணைத்துவிட்டு மெக்கானிக்குக்குப் போன் செய்தார். “வர ஒரு மணி நேரம் ஆகுமாம். அதுவரைக்கும் யாரும் கதவைத் தொடக்கூடாதாம்” என்றார்.

ஒரு மணி நேரமா! மணி ஏற்கெனவே பத்தே முக்கால்.

மூச்சு வாங்க மேலே வந்து விஷயத்தைச் சொன்னாள்.

“சரி, விடு” என்றாள் அக்கா. குரல் உடைந்திருந்தது. “எனக்குக் கொடுத்து வைக்கலை. அவ்வளவுதான்.”

அக்கா அழுது குண்டூசி கேட்டதே இல்லை. காலையில் வந்த கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

“அதெல்லாம் விட முடியாது!” என்றாள். “லேப்டாப் கையிலதானே இருக்கு? திற. நான் ஹாட்ஸ்பாட் போடறேன்.”

“உள்ளே வருமா?”

“வர வைக்கிறேன்!”

கட்டடத்தில் எந்த மூலையில் சிக்னல் வரும், எந்த மூலையில் வராது என்பதெல்லாம் குண்டூசிக்கு அத்துப்படி. விளையாடுவதற்காகப் போனைத் தூக்கிக்கொண்டு அவள் சுற்றாத இடம் இல்லை. மூன்றாம் மாடியில் ஜன்னல் பக்கம் சிக்னல் ஜோராக வரும். ஆனால் அங்கிருந்து ஹாட்ஸ்பாட் லிஃப்ட்டுக்குள் எட்டாது. லிஃப்ட் கதவை ஒட்டி நின்றாலோ ஹாட்ஸ்பாட் எட்டும், ஆனால் போனுக்கே சிக்னல் இருக்காது.

இரண்டும் கிடைக்கிற இடம் ஒன்றுதான் இருந்தது. லிஃப்ட் கதவுக்குப் பக்கத்துச் சுவரில், உயரத்தில், வெளிப்பக்கம் பார்த்த ஒரு காற்றுத் துவாரம். அதன் முன்னால் போனைப் பிடிக்க வேண்டும்.

மூன்றாம் மாடி அத்தை வீட்டு வாசலில் ஒரு ஸ்டூல் கிடந்தது. இழுத்து வந்து ஏறி நின்று கையை நீட்டினாள். போனில் ஒரு கோடு வந்தது. இரண்டு கோடு வந்தது!

“அக்கா! ‘இஸ்திரிப்பெட்டி’ன்னு பேர் தெரியுதா?”

“தெரியுது, தெரியுது! பாஸ்வேர்ட் என்ன?”

குண்டூசி திருதிருவென்று விழித்தாள். அவள் பழி வாங்கிய கதை இதுதான்.

“அது வந்து... அக்கா ஒரு டியூப்லைட்” என்றாள் மெதுவாக.

“என்னது?”

“அக்கா ஒரு டியூப்லைட்!”

“இப்பத் திட்டுற நேரமாடி இது? பாஸ்வேர்டைச் சொல்லு!”

“அதைத்தான் சொல்றேன்! அக்கா ஒரு டியூப்லைட்!”

“வெளியே வந்தேன்னா உன்னை...”

“அம்மாடி,” என்று குழாய் அண்ணன் குறுக்கிட்டார், “அதுதான் பாஸ்வேர்டு போலிருக்கு.”

கொஞ்சம் தாமதமாக, “ஓ...!” என்று ஒரு நீண்ட ஓசை. தட்டச்சு செய்யும் சத்தம். “வந்துடுச்சு! நெட் வந்துடுச்சுடி!”

அதே நேரத்தில் படியில் ஆள் வரும் சத்தம் கேட்டது. வந்தவர் மூன்றாம் மாடி அத்தை. எல்லோரும் அவரை ‘ஸ்பீக்கர் அத்தை’ என்பார்கள். அவர் ரகசியம் பேசினால் எதிர்க் கட்டடத்தில் ஜன்னலைச் சாத்துவார்கள்.

“அடியே, என் ஸ்டூல் மேல ஏறி என்னடி பண்ற!” என்று ஆரம்பித்தார்.

குண்டூசி இன்னொரு கையால் வாயில் விரலை வைத்துக் காட்டினாள். லிஃப்ட்டைக் காட்டினாள். கண்ணாலேயே கெஞ்சினாள். பிறகு குனிந்து அவர் காதில் எல்லாவற்றையும் சொன்னாள்.

அத்தைக்குக் கண் விரிந்தது. “ஐயையோ, இன்டர்...” என்று கத்தப்போனவர், தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

“அத்தை, இந்தப் போன் சூடாயிட்டா அணைஞ்சிடும். கொஞ்சம் விசிறி விடுறீங்களா? சத்தமில்லாம?”

அத்தை வீட்டுக்குள் ஓடி ஒரு பழைய அட்டையைக் கொண்டுவந்தார். குண்டூசி போனின் தடித்த ரப்பர் உறையைக் கழற்றி எறிந்தாள். அத்தை விசிற ஆரம்பித்தார்.

சரியாக அப்போது உள்ளே லேப்டாப்பில் ஒரு புதுக் குரல் கேட்டது. “வணக்கம்மா. ஏன் இருட்டா இருக்கு? உங்க பின்னாடி யாரு, கையில குழாயோட?”

“வணக்கம் மேடம். நான் இப்ப லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டு இருக்கேன். இவரும் கூட மாட்டிக்கிட்டார்.”

“லிஃப்ட்டுலயா! அப்புறம் நெட் எப்படி வருது?”

“என் தங்கச்சி வெளியில போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா மேடம்.”

குண்டூசிக்கு உடம்பெல்லாம் பூரித்தது. கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள்.

கேள்விகள் தொடர்ந்தன. அக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். வெளியே குண்டூசிக்குத் தோள் கடுத்தது. கை மாற்றினாள். அந்தக் கையும் கடுத்தது. இரண்டு கையாலும் பிடித்தாள். மூக்கு வேறு அரித்தது. சொறியக் கை இல்லை. அத்தை புரிந்துகொண்டு தன் முந்தானை நுனியால் மூக்கைத் துடைத்துவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பதில் அவர் முகமே சிவந்துவிட்டது.

போன் சுட ஆரம்பித்தது. ‘சூடு அதிகம். சற்று நேரத்தில் அணைந்துவிடும்’ என்று திரையில் எச்சரிக்கை வந்தது.

குண்டூசி பல்லைக் கடித்தாள். ‘இன்னிக்கு மட்டும் அணைஞ்சே, உன்னை நிஜமாவே துணி தேய்க்கப் போட்டுடுவேன்!’ என்று மனதுக்குள் அதைத் திட்டினாள். குதிகாலை உயர்த்தி, காற்று வரும் துவாரத்துக்கு நேராகவே போனை நீட்டினாள். அத்தை இரண்டு கையாலும் விசிறினார்.

அப்போதுதான் உள்ளே குழாய் அண்ணன், “முடியலை... எனக்கு மூச்சு முட்டுது... கதவை உடைங்க!” என்று அலறினார்.

“மன்னிச்சிடுங்க மேடம், ஒரு நிமிஷம்” என்றாள் அக்கா. லேப்டாப்பைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. “அண்ணே, பதறாதீங்க. என்னைப் பாருங்க. உட்காருங்க. கதவு இடுக்கில காத்து வருது பாருங்க, கையை வச்சுப் பாருங்க. வருதா? இப்ப என்கூடச் சேர்ந்து மெதுவா மூச்சு விடுங்க...”

போச்சு! இன்டர்வியூவைப் பாதியில் விட்டுவிட்டாளே! அந்த மேடம் கிளம்பிவிட்டால்? அத்தை ‘அவ்வளவுதானா?’ என்பதுபோல் பார்த்தார்.

குண்டூசி ‘இல்லை’ என்பதுபோல் தலையை ஆட்டினாள். கையை இறக்கவில்லை. அக்கா திரும்பி வரும்போது நெட் இல்லை என்று மட்டும் இருக்கக் கூடாது.

அக்கா விடாமல் பேசிக்கொண்டே இருந்தாள். உங்க வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க, பொண்ணு எந்த வகுப்பு என்று கேட்டாள். கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய் அண்ணனின் குரல் இறங்கியது. “இப்பப் பரவாயில்லைம்மா” என்றார் கடைசியில்.

“மேடம்... இருக்கீங்களா?” என்று அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“இருக்கேன். எல்லாத்தையும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். இன்னும் ஒரு கேள்வி கேக்கணும்னு இருந்தேன். பதட்டமான நேரத்துல என்ன செய்வீங்கன்னு. இனி அதைக் கேக்க வேண்டாம். முடிவைப் போன்ல சொல்றோம்.”

அந்தப் பக்கம் வணக்கம் சொன்னதும் இஸ்திரிப்பெட்டி, ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அணைந்தது.

குண்டூசி கையை இறக்கப் பார்த்தாள். அது இறங்கவே மாட்டேன் என்றது. அத்தைதான் பிடித்து இறக்கிவிட்டார். இறக்கிவிட்டு, அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து, “என் ராஜாத்தி!” என்று ஒரு கூச்சல் போட்டார். கீழே வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

மெக்கானிக் வந்து கதவைத் திறந்ததும் அக்கா ஓடிவந்து தங்கையைக் கட்டிக்கொண்டாள்.

“கடைசிக் கேள்வியைக் கேக்காமலே முடிச்சுட்டாங்கடி. பாதியில எழுந்து போனது தப்புன்னு நினைச்சிருப்பாங்க” என்றாள்.

“அக்கா,” என்றாள் குண்டூசி, “உனக்கு எப்பவுமே லேட்டாத்தான் புரியும்.”

சாயங்காலம் இஸ்திரிப்பெட்டி அடித்தது. அக்காவின் போன் ரிப்பேரில் இருந்ததால் இந்த எண்ணைத்தான் அவள் கொடுத்திருந்தாள். குண்டூசி எடுத்தாள்.

“போனைத் தூக்கிப் பிடிச்ச தங்கச்சிதானே? கைவலி போயிடுச்சா?” என்றது காலையில் கேட்ட அதே குரல். “போனை அக்காகிட்ட குடும்மா. திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லணும்.”

வீட்டில் ஒரே கூத்து. அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள். குண்டூசி கட்டில் மேல் ஏறிக் குதித்தாள்.

“சரி, அவங்க ஏதோ மெயில் அனுப்பியிருக்காங்களாம். உடனே பதில் போடணும்” என்று அக்கா லேப்டாப்பைத் திறந்தாள். “நெட் இன்னும் வரலை. ஹாட்ஸ்பாட் போடுடி என் தங்கமே... ஏய், பாஸ்வேர்ட் தப்புன்னு வருதே?”

“மாத்திட்டேன்.”

“புதுசு என்ன?”

குண்டூசி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: “டியூப்லைட் எரிஞ்சிடுச்சு.”

அக்கா அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

“எங்கேடி எரியுது? ஸ்விட்சே போடலையே!”