எதிர்க்கட்டில்காரி

எட்டாவது முறையாக அந்தப் பழைய மருத்துவமனையின் படிகளில் அவள் ஏறியபோது காலை மணி பதினொன்று. வெயில் சுள்ளென்று அடித்தது. கணவர் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு படி பின்னால் வந்தார். பதினான்கு வருடமாக அப்படித்தான். அவள் பேருந்து டிரைவர், அவர் கண்டக்டர். ஒரே வண்டி, ஒரே தடம். "முன்னாடி அவ, பின்னாடி நான். வீட்டுலயும் அதே சர்வீஸ்தான்" என்று யாரிடமும் சொல்லிச் சிரிப்பார். இப்போதெல்லாம் சொல்வதில்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள், ஓடிக்கொண்டிருந்த வண்டியில் பிரேக் எந்தக் காலுக்கு என்பது அவளுக்கு மறந்துபோனது. ஒரு நொடிதான். அதில் தொடங்கியது. மூளை ஓரத்திலிருந்து சுண்ணாம்பு போல இறுகிக்கொண்டு வருகிறது என்றார்கள். இறுகிய பகுதியை வெட்டியெடுத்துவிட்டு, அதன் வேலையைச் செய்யும் செயற்கைத் துண்டு ஒன்றை அந்த இடத்தில் வைப்பார்கள். நாலைந்து மாதத்துக்கு ஒன்று. ஏழு முடிந்துவிட்டன. எட்டாவதுதான் கடைசி. அதோடு அவள் பிறந்தபோது கொண்டுவந்த மூளையில் கடுகளவும் மிச்சமிருக்காது.

"அப்புறம் நான் யாரு டாக்டர்?" என்று விளையாட்டாகத்தான் கேட்டிருந்தாள்.

"கண் முழிச்சதும் நீங்களே சொல்லுங்க" என்றார் டாக்டர், கண்ணாடியைத் துடைத்தபடி.

"வெட்டி எடுத்ததெல்லாம் எங்க போகும்?"

"எங்கயும் போகாது. கீழ ஆய்வுக்கூடத்துல ஜாடியில இருக்கு. பத்திரமா இருக்கு."

பத்திரமா என்று அவர் சொன்ன விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அறை எப்போதும் கொடுக்கும் அதே அறை. முதல் மாடியின் கோடியில், ஆய்வுக்கூடத்துக்கு நேர் மேலே. இரண்டு கட்டில், ஒரு சன்னல், கிறீச்சிடும் மின்விசிறி. பினாயில் வாசனை தூக்கலாக இருக்கும். அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் உண்டு, மழையில் நனைந்த இரும்பின் வாசனை. எதிர்க்கட்டிலில் இந்த மூன்று வருடத்தில் ஒரு நோயாளியைப் படுக்கவைத்து அவள் பார்த்ததில்லை. ஆனால் மாடி முழுக்கப் 'பெரிய சிஸ்டர்' என்று கூப்பிடும் தலைமைச் செவிலி, தினமும் காலையில் வந்து அந்தக் கட்டிலின் விரிப்பை மாற்றிவிட்டுப் போவாள்.

"ஆளே இல்லாத கட்டிலுக்கு எதுக்கு சிஸ்டர் தினம் ஒரு விரிப்பு?"

பெரிய சிஸ்டர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"கசங்குதும்மா."

அவளுக்கும் அது தெரியும். முதல் அறுவைக்குப் பிறகு அந்தத் தலையணையில் ஒரு குழியைப் பார்த்தாள். இரண்டாவதுக்குப் பிறகு அங்கிருந்து மூச்சு கேட்டது. நான்காவதுக்குப் பிறகு போர்வைக்கு அடியில் ஓர் உடம்பின் மேடு தெரிந்தது. மயக்க மருந்து செய்கிற வேலை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஏழாவதுக்குப் பிறகு அது இருமியது.

டீசல் புகையில் பதினான்கு வருடம் உட்கார்ந்தவளின் இருமல்.

அவளுடைய இருமல்.

கணவர் பையை அலமாரியில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

"நாம முதல்முதலா சண்டை போட்டது எந்த ஸ்டாப்புலன்னு ஞாபகம் இருக்கா?"

"கல்லறைத் தோட்டத்து ஸ்டாப்புல. ஒரு பெரியவர் ஒரு கால் ரோட்டுல, ஒரு கால் படியில வச்சிருந்தார். அதுக்குள்ள நீங்க விசில் கொடுத்துட்டீங்க. வண்டியை நிறுத்திட்டு இறங்கி வந்து திட்டினேன்."

"சரிதான்."

"சரின்னா ஏன் உங்க மூஞ்சி இப்படி விழுந்து கிடக்கு?"

அவர் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார். "எங்க அக்கா ஒரு வார்த்தை சொல்லிட்டா. மனசுல முள்ளு மாதிரி நிக்குது."

"என்ன சொன்னாங்க?"

"அவ தவணை முறையில செத்துக்கிட்டு இருக்கா, நீ பாட்டுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு பொம்மையை வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றேன்னு."

ஏழு அறுவைக்கும் சேர்த்து வலிக்க வேண்டியது அந்த ஒரு வாக்கியத்தில் வலித்தது. ஆனாலும் அவள் அதை முகத்தில் காட்டவில்லை.

"உங்க அக்காகிட்ட சொல்லுங்க. செத்தவளுக்கு இவ்வளவு கோபம் வராது."

அவர் உதடு சிரித்தது. கண் சிரிக்கவில்லை. டிக்கெட் எடுத்தேன் என்று சொல்லிவிட்டுப் பையைத் துழாவும் பயணியைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

மூன்று மணிக்குப் பார்வையாளர் நேரம் முடிந்தது. நடைபாதையில் செருப்புச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. வெயில் சன்னல் வழியாகத் தரையில் நீளமாகக் கிடந்தது. மின்விசிறி சுற்றியது. ஆனால் கிறீச்சென்ற சத்தம் நின்றுபோயிருந்தது.

இரும்பு வாசனை ஏறியது.

அவள் தலையைத் திருப்பினாள்.

எதிர்க்கட்டிலில் ஒருத்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

முதுகில் நீளமான பின்னல். முதல் அறுவைக்கு முன் தன் தலையிலிருந்து மழித்தெடுத்த பின்னல் அது என்று அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்தது.

"இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்" என்றது அந்த முதுகு, மெதுவாக.

அவள் எழுந்து உட்கார்ந்து கேட்டாள். "யாரு நீ?"

"உன்கிட்ட இருந்து எடுத்ததெல்லாம் நான்தான். அம்மா கூப்பிட்ட குரல், அவரை முதல்ல பார்த்த நாள், ஸ்டியரிங்கைத் தொட்ட முதல் நாள், எல்லாம் என்கிட்ட இருக்கு. உன்கிட்ட இருக்கிறது கேள்விப்பட்ட கதை."

அவள் கட்டிலின் விளிம்புக்கு நகர்ந்தாள்.

"நாளைக்கு அந்தக் கடைசித் துண்டும் கீழ வந்துடும். நான் எந்திரிச்சிடுவேன். அப்புறம் வீட்டுக்குப் போறது யாருன்னு நினைக்கிற?"

அறுவை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் இரண்டு மாதம்தான் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். வேண்டும் என்றால் எதிர்க்கட்டிலில் இருப்பவள் எழுந்துகொள்வாள். இருதலைக் கொள்ளி எறும்பாக அவள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வியர்வை முதுகில் வழிந்தது. விளிம்பை இறுக்கியிருந்த தன் விரல்களைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பயம் போய் எரிச்சல் வந்தது. நெரிசலான ரோட்டில் குறுக்கே வண்டியை விட்டுவிட்டு முறைக்கிறவனைப் பார்த்தால் வருமே, அந்த எரிச்சல்.

"சிஸ்டர்" என்று உரக்கக் கூப்பிட்டாள். "சம்மதக் கையெழுத்து வாங்கணும்னு சொன்னீங்களே. இப்பவே கொண்டாங்க."

பெரிய சிஸ்டர் தாளோடு வந்தாள். எதிர்க்கட்டிலை அவள் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்கக் கழுத்தை விறைப்பாக வைத்திருந்தாள். இவள் தாளை வாங்கி முழங்காலில் வைத்து, காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்திக் கையெழுத்துப் போட்டாள்.

சிஸ்டர் போனதும் எதிர்ப்பக்கம் பார்த்துச் சொன்னாள்.

"எந்திரிச்சுக்கோ. அதையும் பார்த்துடலாம்."

அறுவை எட்டு மணி நேரம் நடந்ததாம். நான்காம் நாள் அவளை அறைக்குக் கொண்டுவந்தபோது எதிர்க்கட்டில் காலியாக இருந்தது. குழி இல்லை. மூச்சு இல்லை. விரிப்பு முந்தின நாள் போட்டபடியே ஒரு சுருக்கம் இல்லாமல் இருந்தது. "பார்த்தீங்களா, கசங்கவே இல்ல" என்று பெரிய சிஸ்டர் முதல்முறையாகச் சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டில் காலி என்றால் படுத்திருந்தவள் எழுந்துவிட்டாள் என்றுதானே அர்த்தம்.

மறுபடி ஸ்பூன் பிடிக்கப் பழகினாள். சுவரைப் பிடித்து நடந்தாள், விழுந்தாள், நடந்தாள். பதினெட்டாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். கணவர் பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஊதா நிற உடையையும் தலைக்குப் போட்டுக்கொள்ளச் சால்வையையும் கட்டிலில் எடுத்துவைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது கட்டிலில் உடை இல்லை. சால்வை இல்லை. அலமாரியில் பை இல்லை.

கட்டிலடியில் செருப்பும் இல்லை.

ஆஸ்பத்திரி அங்கியோடு நடைபாதைக்கு வந்தாள். மேசையில் எழுதிக்கொண்டிருந்த பெரிய சிஸ்டர் நிமிர்ந்தாள். பேனா கையிலிருந்து உருண்டது.

"நீங்க..."

"என்ன சிஸ்டர்?"

"நீங்க இப்பத்தானே கீழ போனீங்க. உங்க வீட்டுக்காரரோட."

லிஃப்டுக்காக அவள் நிற்கவில்லை. வெறுங்காலோடு, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒரு படிக்கு இரண்டு மூச்சு வாங்கி இறங்கினாள். தலையில் தையல் விண்விண்ணென்று தெறித்தது.

வாசலில் ஒரு வாடகைக் கார் நின்றிருந்தது. கணவர் பின்கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார். ஏறவில்லை. உள்ளே ஊதா உடையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தலையிலிருந்த சால்வை அப்போதுதான் தோளுக்கு நழுவியிருந்தது. கருகருவென்று பின்னல் மடியில் கிடந்தது. தையல் இல்லாத நெற்றி. வீங்காத முகம். மூன்று வருடமாக அவர் தன் மனைவியிடம் தேடிக்கொண்டிருந்த முகம்.

அவர் அதைப் பார்த்தபடி உறைந்து நின்றார். பயந்திருந்தார். ஆனால் பயம் மட்டும் இல்லை.

"ஏறுங்க, வீட்டுக்குப் போலாம்" என்றாள் உள்ளே இருந்தவள். குரலில் ஒரு குறை சொல்ல முடியாது. வந்து நின்றவளையும் பார்த்தாள். "சந்தேகம்னா ரெண்டு பேர்கிட்டயும் கேளுங்க. எது வேணும்னாலும் கேளுங்க."

அவர் வாயைத் திறந்தார்.

"கேட்காதீங்க" என்றாள் அவள். "மூணு வருஷமா கேட்டாச்சு. இனிமே எனக்குப் பரீட்சை கிடையாது."

பிறகு காருக்குள் குனிந்து பேசினாள். பல் கிட்டித்தது, ஆனால் பேசினாள்.

"எல்லாம் உன்கிட்ட இருக்குன்னு சொன்ன. இருக்கட்டும். எங்க வண்டியில கழட்டின பழைய பாகமெல்லாம் டெப்போ மூலையில குவிஞ்சு கிடக்கு. எல்லாத்தையும் சேர்த்து முடுக்கினா இன்னொரு வண்டி நிக்கும், வாஸ்தவம். ஆனா ஒரு நாளும் தடம் விடாம ஓடினது எது? எட்டுத் தடவையும் கண் முழிச்சது நான். வாந்தி எடுத்தது நான். நடக்கப் பழகினது நான். இவர் என்னை யாரோ மாதிரி பார்த்தப்ப அதை முழுங்கிட்டுச் சோறு போட்டது நான். அப்பல்லாம் நீ ஜாடியில படுத்திருந்த."

உள்ளே இருந்தவள் கணவரையே பார்த்தாள்.

அவளும் அவர் பக்கம் திரும்பினாள். "நான் பழைய மாதிரி இல்லைன்னு உங்களுக்குத் தோணலாம். தோணட்டும். உங்க அனுமதி வாங்கிட்டு நான் நானா இருக்கல. நீங்க அவளோட போனாலும் சரி, நான் நடந்தே என் வீட்டுக்குப் போவேன். சாவி மட்டும் கொடுத்துட்டுப் போங்க."

கை நீட்டினாள்.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். ஊசி குத்திக் குத்திக் கறுத்த கை. பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு காருக்குள் குனிந்தார்.

"இறங்குங்க" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து மனைவியை அவர் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. வண்டி மாறி ஏறிவிட்ட பயணியிடம் பேசுகிற மரியாதை அது. சொல்லிவிட்டு இவள் பக்கம் திரும்பினார். கண் நிறைந்திருந்தது.

"நீ ஏறு."

அந்தப் பக்கத்துக் கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. யாரும் இறங்கி அவர்கள் பார்க்கவில்லை. இருக்கையில் ஊதா உடை கிடந்தது.

பொத்தான்கள் எல்லாம் போட்டபடி.

ஏழு மாதம் கழித்து, எல்லாச் சோதனையும் முடிந்து, அவளுக்கு வண்டியைத் திரும்பக் கொடுத்தார்கள். முதல் நாள் மதிய நடை. கூட்டம் குறைவு. கணவர் டிக்கெட் போட்டு முடித்து இரண்டு விசில் கொடுத்தார். அவள் கியரை மாற்றினாள். கால் மறக்கவில்லை.

மூன்றாவது வளைவில், தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவள் கடைசி இருக்கையைப் பார்த்தாள்.

பின்னல் போட்ட ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் மார்புக்கு நேரே தூக்கி வைத்திருந்தாள், வட்டமான எதையோ பிடித்திருப்பவள் போல.

வளைவு வந்தது. அந்தக் கைகள் திரும்பின.

ஒரு நொடி கழித்துத்தான் அவளுடைய கைகள் திரும்பின.

கணவர் கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தார். முகம் வெளுத்திருந்தது. "பின்னாடி..." என்றார் காதருகே.

"தெரியும்."

"வண்டியை நிறுத்தச் சொல்லட்டுமா?"

"எதுக்கு? உட்காரட்டும். ஸ்டியரிங் என்கிட்டதான் இருக்கு."

நாற்சந்தி வந்தது. தடம் வலப்பக்கம். இடப்பக்கச் சாலை மருத்துவமனைக்குப் போவது. கண்ணாடியில் அந்தக் கைகள் இடப்பக்கம் திரும்பின, நிதானமாக, நிச்சயமாக. அவள் தோளிலிருந்து விரல் வரை ஓர் இழுப்பு ஓடியது.

பல்லைக் கடித்துக்கொண்டு வலப்பக்கம் ஒடித்தாள்.

வண்டி வலப்பக்கம் திரும்பியது. ஒரு பயணிகூடத் தலை நிமிரவில்லை.

அவள் தொடாத இடப்பக்க இண்டிகேட்டர் மட்டும், டெப்போ வந்து சேரும்வரை, அணைந்து அணைந்து எரிந்துகொண்டே வந்தது.