உப்புப் பாத்தியில் ஒரு கொலைகாரி!

போலீஸ் ஸ்டேஷனில் போன் அலறியது.

"சார்! உப்பளத்துல கொலை! ஒரு பொண்ணு ஆளையே சாகடிக்கிறா! சீக்கிரம் வாங்க!"

ஏட்டு பிராங்க்ளின் பைக்கை முறுக்கினார்.

காலை பதினொரு மணி. மரக்காணம் உப்பளத்தில் வெயில் கண்ணைக் குத்தியது. வரப்பில் கூட்டம். நடுவே உப்பு வாரும் பலராமன்... மல்லாந்து, வாயோரம் நுரையோடு!

அவன் மார்பில் ஏறி உட்கார்ந்து, பாத்தியின் உப்புத் தண்ணீரை அள்ளி அள்ளி அவன் வாயில் ஊற்றிக்கொண்டிருந்தாள் ஜெனிதா. வயது பதினாறு!

பிராங்க்ளின் அவளைப் பிடித்து இழுத்தார்.

கடித்தாள்!

"கிட்டப் போனா இப்படித்தான் சார்!" என்றார் மேஸ்திரி வேல்முருகன். "ரெண்டு வருசம் முன்னாடி இவ அப்பன் மேத்யூ கள்ளச்சாராயம் குடிச்சிட்டு இவ கண்ணு முன்னாலயே துடிச்சி செத்தான். அதுலேர்ந்து யாரைப் பாத்தாலும் அடி, கடி! ஸ்கூல்ல ஒருத்தி மண்டையையே ஒடைச்சிட்டா!"

"கொலை முயற்சி கேஸ்தான். நடடி ஸ்டேஷனுக்கு!"

"விடுங்க சார்!" ஜெனிதா திமிறினாள். "சாராயம் உள்ள இருக்குது... வாந்தி எடுத்தா பொழைச்சுக்குவாரு..."

சைரன்!

108 வண்டியிலிருந்து குதித்த நர்ஸ் யுவராணி, பலராமனின் நெற்றியைத் தொட்டாள். வாயை முகர்ந்தாள்.

"சாராயமாவது ஒண்ணாவது! வெயில் தாக்கியிருக்கு! ஐஸ் எடுங்கப்பா! பாப்பா, மயங்கிக் கெடக்கறவங்க வாயில எதையும் ஊத்தவே கூடாது. ஆனா நாங்க பத்து நிமிஷம் லேட்டாயிருந்தா ஆளே இல்ல. யாருங்க போன் பண்ணது?"

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்தது.

ஜெனிதாவின் கை மெல்ல உயர்ந்தது.

பிராங்க்ளினின் பிடி தளர்ந்தது.

"ஏம்மா... ஸ்டேஷனுக்கும் ஒரு போன் போட்டிருக்கலாமே?"

"போட்டேனே சார்... எங்கப்பா துடிச்ச அன்னிக்கு. 'தெளிஞ்சா தானா எழுந்துப்பான், போனை வை'ன்னீங்க. உங்க குரல் மறக்கல சார்."

பிராங்க்ளினுக்கு அந்த போன் நினைவு வந்தது.

ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். அன்று ஒரு குழந்தையின் அழுகைக்கு ஒரு நிமிடம் காது கொடுக்கவில்லை! இரண்டு வருடமாக இவள் ஊரில் கடித்த கடியெல்லாம்... அவருக்கு விழ வேண்டியவை!

தொப்பியைக் கழற்றினார். அத்தனை பேர் முன்னால் கைகூப்பினார்.

"தப்பு பண்ணிட்டேன்மா... மன்னிச்சிடு. கேஸும் இல்ல, ஒண்ணும் இல்ல."

தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, உப்பில் வெந்திருந்த அவள் விரல்களை ஒவ்வொன்றாகக் கழுவிவிட்டார். இந்த முறை அவள் கடிக்கவில்லை.

"என் செல் நம்பரை எழுதிக்கோ. எப்பக் கூப்பிட்டாலும் ஓடி வர்றேன்."

ஜெனிதா மூக்கை உறிஞ்சினாள்.

"உங்களுது பத்து நம்பர் சார்... 108 மூணே நம்பர்தான்!"