தெருமுனையில் ஓர் இடைவெளி

விசில் சத்தம் காதைக் கிழித்தது. சங்கமித்ரா ஸ்கூட்டரின் பிரேக்கை அழுத்தினாள்.

"இன்னா மேடம், வூட்ல சொல்ட்டு வந்துட்டியா? டிரெய்லர் நவுர்றது தெரில?"

மழை. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகம் போகும் டிரெய்லர்கள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. தெருமுனையில், நனைந்த சட்டையோடு, ஊரையே நிறுத்தி வைப்பவன்போல் ஒருவன் கை நீட்டியிருந்தான்.

"நீ இன்னா போலீஸா?"

"டிரைவரு. எழிலன். வண்டி பின்னால கியூல கீது. இந்த கார்னரே என் கைல கீது."

அவள் சிரித்துவிட்டாள். அவன் முறைத்தான். மழைமேகம் இறங்கி வந்து தங்கிய மாதிரி கண்கள்... அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்சம் தாமதமாக.

சங்கமித்ரா வியாசர்பாடிப் பெண். தலைவன் இல்லாமல் தானே ஒழுங்காகும் கூட்டங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். எறும்பு, பறவை, சந்தை... இப்போது இந்தச் சாலை. வரிசையில் நிற்கும் டிரெய்லர்கள் ஒவ்வொரு தெருமுனையிலும் ஓர் ஆட்டோ நுழையும் இடைவெளி விட்டு நிற்கும். யாரும் சொன்னதில்லை. 'உங்க ஏரியாவுக்கு ஒழுங்கு தெரியுமா?' என்று கல்லூரியில் சிரித்தவர்களுக்கு அவள் வைத்திருந்த பதில் அந்த இடைவெளிதான். அது தன் கையில் இருக்கிறது என்கிறான் இவன்!

"ஒதுங்கி நில்லு. தானா போவும்."

"நான் நவுந்தா முட்டிக்கும்."

"காசிமேட்டுல மீன் வெலைய எவன் விசில் ஊதி ஏத்துறான்? எறும்புக்கு எவன் கை காட்டுறான்?"

"எறும்பு நாப்பது டன்னு இழுக்குமா மேடம்?"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"பந்தயமா?"

"பந்தயம்!"

அவன் ஒதுங்கினான். உடனே ஒரு டிரெய்லர் முன்னேறித் தெருவை அடைத்தது. ஆட்டோக்கள் அலறின. எழிலனின் கை தானாக எழுந்து, பாதியில் நின்றது. அந்த டிரெய்லர் நகர்ந்தது. அடுத்து வந்தவன் ஆட்டோக்களைப் பார்த்தான். தெருவுக்கு முன்பே நின்றான். ஆட்டோக்கள் நூல்போல நுழைந்து போயின. அதற்கடுத்தவனும் நின்றான்.

எழிலன் வெகுநேரம் பார்த்தான். பிறகு விசிலைக் கழற்றிப் பையில் போட்டான்.

"பெரிய படிப்பு தான்."

திரும்பிப் பார்க்காமல் போனான்.

ஜெயித்துவிட்டாள். மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும். தெருமுனை அழகாக இயங்கியது. அவளோ ஒவ்வொரு டிரெய்லரின் கண்ணாடிக்குள்ளும் ஒரு முகத்தைத் தேடினாள். யாருக்காகவும் காத்து நிற்காதவள்... நின்றாள்.

மதார் சாகிப் என்ற டிரைவர்தான் வண்டியிலிருந்து குனிந்து சொன்னார். "எழிலனையா தேடுற தங்கச்சி? ரோஷக்காரன். விம்கோ நகர் கிட்ட குந்திகினு கீறான். இந்த கார்னர தாண்டக் கூடாதுன்னு தன் முறைய பின்னால வர்றவனுக்கே வுட்டுக் குடுத்துகினு கீறான்."

"எத்தினி பேருக்கு பாய்?"

"ஊருக்கே குடுத்துட்டான். மொதலாளி வண்டிய புடுங்கப் போறாரு."

அவள் ஸ்கூட்டரைத் திருப்பினாள். விம்கோ நகரில், வரிசையின் ஓரத்தில், அவன் வண்டி தனியாக நின்றது. படியில் ஏறிக் கண்ணாடியைத் தட்டினாள். இறங்கியது.

"இன்னொரு பந்தயமா மேடம்?"

"இல்ல."

"நான் இல்லாம கார்னர் போவுதா?"

ஒரு பொய் போதும். சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "சூப்பரா போவுது."

அவன் முகம் இறுகியது. "அத சொல்லவா மழைல வந்த?"

"கார்னருக்கு நீ வேணாம்." கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு... வேணும்."

அந்தக் கண்கள் அவளை விட்டு அகலவில்லை.

"இது எப்போலருந்து?"

"தெரில. யாரும் சொல்லல... தானா வந்துட்ச்சி."

எழிலன் இன்ஜினை ஸ்டார்ட் செய்தான். இன்று தன் முறையை யாருக்கும் தருவதாக இல்லை. மறுபக்கக் கதவைத் திறந்து கை நீட்டினான்.

அவள் அந்தக் கையைப் பிடிக்காமலே ஏறினாள். ஏறி உட்கார்ந்த பிறகு பிடித்துக்கொண்டாள்.