அம்மாவின் பங்கு

பழவேற்காடு ஏரிக்குள் ஒரு தீவுக் குப்பம். அங்கேதான் ஒன்பது வயது பிரிசிலாவின் வீடு. வரும் ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் புதுநன்மை.

மாதா கோயிலில் பூசையின்போது சாமியார் கொடுக்கும் சின்ன வெள்ளை அப்பத்தை ‘நன்மை’ என்பார்கள். இயேசு தம்மையே அப்பமாகத் தருகிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. அதை முதன்முதலாக வாங்குவதுதான் புதுநன்மை.

வீட்டில் ஒத்திகை தடபுடலாக நடந்தது. அப்பளத் துண்டுதான் நன்மை. ஐந்து வயதுத் தம்பி தீனாதான் சாமியார். அக்காவுக்கு ஒன்று கொடுத்தால் தன் வாயில் மூன்றைப் போட்டுக்கொண்டார் அந்தச் சாமியார்!

“டேய், சாமியாரு இப்படி மொக்க மாட்டாருடா!”

கட்டிலில் படுத்திருந்த அம்மா சிரித்தாள். ஆனால், சிரிப்பு உடனே அடங்கிவிட்டது. நண்டுக் கூடையோடு படகிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டவள், இன்னும் எழுந்து நடக்கவில்லை. காற்று இந்தப் பக்கம் அடித்தால் தண்ணீருக்கு அந்தாண்டையிலிருந்து கோயில் மணி கேட்கும். அம்மா கண்ணை மூடிக்கொள்வாள்.

“நன்மை வாங்கி எவ்ளோ மாசமாச்சு. வலியக்கூடத் தாங்கிக்கலாம் பிரிசி, இந்த ஏக்கத்தத் தாங்க முடியல.”

“சாமியாராண்ட சொல்லட்டுமாம்மா?”

“வேணாம்டி. புதுசா வந்தவரு. நம்ம ஒரு வூட்டுக்காக இந்தச் சேத்துல வருவாரா? சும்மா கெட.”

பிரிசிக்கு மனசே ஆறவில்லை.

ஞாயிறு காலை வெள்ளை கவுன் போட்டுக்கொண்டு அப்பாவின் படகில் ஏறினாள்.

“இன்னா பிரிசி, மூஞ்சி உம்முனு கீது?” என்றார் அப்பா.

“நைனா, பெருமாள் மாமா காய்ச்சல்னு தொழிலுக்கு வரல. அப்பவும் மீனுல பங்கு குடுத்தியே, ஏன்?”

“வராட்டி இன்னா? நம்ம படகு ஆளாச்சே. படுத்துக் கெடக்கறவனுக்குப் பங்கு இல்லாம வுடுவமா?”

பிரிசி அதையே யோசித்துக்கொண்டே வந்தாள்.

கோயிலில் அவள் முறை வந்தது. “கிறிஸ்துவின் திருவுடல்” என்றார் சாமியார். “ஆமென்” என்றாள். உள்ளங்கையில் நன்மை. எத்தனை நாள் ஆசை! ஆனாலும் அவள் அதை வாயில் வைக்கவில்லை. பின்னால் நின்ற பையன் முதுகில் இடித்தான்.

“வாயில வெச்சுக்கோம்மா” என்றார் சாமியார் மெதுவாக.

“சாமி, பாதி எனக்கு. பாதிய எங்கம்மாவுக்கு எடுத்துனு போவட்டுமா? படுத்த படுக்கையா இருக்காங்க. எங்க நைனா படகுல, வர முடியாதவங்களுக்கும் பங்கு உண்டு. நீங்க பங்குச் சாமியாருதானே?”

ஒரு கோயிலைச் சேர்ந்த மக்களுக்குப் ‘பங்கு’ என்று பெயர். அவர்களுடைய குரு, பங்குச் சாமியார். பிரிசி அதற்குக் கண்டுபிடித்த அர்த்தமே வேறு!

சாமியார் அவள் உயரத்துக்குக் குனிந்தார்.

“இது உன் பங்கு. முழுசா வாங்கிக்கோ. அம்மா பங்கு பீடத்துல பத்திரமா இருக்கு. பூசை முடிஞ்சதும் நானே கொண்டு வரேன். படகுல எனக்கு இடம் கிடைக்குமா?”

பிரிசி தலையாட்டிவிட்டு நன்மையை வாயில் வைத்தாள். அழுகையும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன.

குப்பத்துக்கருகே தண்ணீர் வற்றிக் கிடந்தது. சாமியார் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினார். ஒரு செருப்பைச் சேறு பிடுங்கிக்கொண்டது. “போனா போகட்டும்” என்று சிரித்தார். நன்மை இருந்த சின்ன டப்பாவை மட்டும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

“ஐயோ சாமி! நீங்க போயி...” அம்மா கட்டிலில் படுத்தபடியே கைகூப்பினாள்.

“கிறிஸ்துவின் திருவுடல்.”

“ஆமென்!”

வெளியே படகைக் கட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கே அது கேட்டது. அம்மாவின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. பிரிசி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தீனா சாமியாரின் அங்கியை இழுத்தான். “எல்லாருக்கும் குடுத்தாச்சு. என் பங்கு எங்க?”

“நீ இன்னும் கொஞ்சம் வளரணும்” என்று சொல்லி, சாமியார் அவன் நெற்றியில் சிலுவை போட்டார்.

“இதத் திங்க முடியாதே!”

அம்மா சிரித்தாள். இந்த முறை அந்தச் சிரிப்பு லேசில் அடங்கவில்லை.