எடுத்துப் போகாத செம்பு

கடைக்குள் நுழைந்த மோண்டே உட்காரக்கூட இல்லை. கையில் இருந்த பையை மேசைமேல் தொப்பென்று போட்டாள்.

"என் புருஷன் செம்புக் கம்பி திருடினானாம். புடிச்சு உள்ள வச்சிருக்காங்க. லுபிண்டாவப் பத்தி யாரை வேணா கேளுங்க மேடம், அடுத்தவன் வெங்காயத்தக்கூடத் தொடமாட்டான்!"

சுரங்கங்களின் அளவுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் நமுக்கோலோ, கையிலிருந்த திருப்புளியை மெதுவாகக் கீழே வைத்தாள். பக்கத்து மேசையில் இருந்த அவளுடைய எலக்ட்ரீஷியன் கபாசோவுக்கு அப்படிப் பொறுமையெல்லாம் கிடையாது. முழு விஷயமும் தெரிவதற்கு முன்பே அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"முதல்லேர்ந்து சொல்லு" என்றாள் நமுக்கோலோ.

சுரங்கத்தின் கழிவுச் சேற்றைத் தேக்கி வைத்திருக்கும் மண் கரைக்கு லுபிண்டா காவலாளி. கரைக்கு நேர் கீழே கலோங்கா குடியிருப்பு. அவர்கள் வீடும் அங்கேதான். கரையின் சுவரில் ஒரு விரிசல். அது எவ்வளவு விரிகிறது என்று அளக்க அதன் குறுக்கே ஒரு சென்சார், அதிலிருந்து காவல் அறையில் உள்ள பதிவுப் பெட்டிக்கு ஒரு வயர். மழை தொடங்கியதிலிருந்து பெட்டியில் எண் ஏறிக்கொண்டே போனது.

"மேனேஜர் சிவாலேகிட்டப் போயி, அபாயச் சங்கு ஊதுங்க, ஜனங்கள எழுப்புங்கன்னு கத்துனான். பீதியக் கெளப்புறியான்னு அறைச் சாவியப் புடுங்கிக்கிட்டு, வெளிய நின்னு காவல் காருன்னு சொல்லிட்டான் அந்த ஆளு. அடுத்த வாரம் எண் தாறுமாறா ஆட ஆரம்பிச்சுது. எவனோ எர்த் கம்பியப் புடுங்கி வித்துட்டான், அதான் சென்சாருக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு, இனிமே அது சொல்றது எல்லாம் பொய்யின்னு சிவாலே சொல்லிட்டான். அந்த எவனோ என் புருஷனாம்!"

செம்பு விளையும் ஊரில் செம்புத் திருட்டைப் போல நம்பத் தகுந்த பொய் வேறு கிடையாது. யாரும் இரண்டாவது கேள்வி கேட்கமாட்டார்கள்.

"அவன் திருடன்னா சென்சார் பொய். சென்சார் பொய்யின்னா நாங்க எல்லாம் அந்தக் கரைக்குக் கீழயே படுத்துக் கெடக்கணும்" என்றாள் மோண்டே. அவள் குரல் உடைந்தது. அழுகையால் அல்ல, ஆத்திரத்தால்.

வழக்குக்குக் கருவியின் நிலை பற்றி ஓர் அறிக்கை தேவை என்று நமுக்கோலோ இன்ஸ்பெக்டர் முலோபோவிடம் பேசி, அவரையும் கபாசோவையும் கூட்டிக்கொண்டு சுரங்கத்துக்குப் போனாள். வாசலில் வழக்கம்போல எல்லோருக்கும் சோதனை. வெளியே போய்க்கொண்டிருந்த அதிகாரி ஒருவரின் காரில் இருக்கையைக்கூடத் தூக்கிப் பார்த்தார்கள். கபாசோவின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, உள்ளே இருந்த சோளக்களியான ஷிமாவுக்குள் கம்பியை விட்டுக் கிளறினான் காவலன்.

"என்னய்யா, மாவுக்குள்ள சுரங்கம் தோண்டுறியா?"

"உள்ள போறப்பவும் பாப்போம், வெளிய வர்றப்பவும் பாப்போம். பெரிய பாஸ் வந்தாலும் இதான் ரூல்."

நமுக்கோலோ அதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டாள்.

கரைமேல் சிவாலே காத்திருந்தான். சலவைச் சட்டை, எரிச்சல் முகம். அறையைத் திறந்துவிட்டு, "பாருங்க, எப்படிக் குதிக்குதுன்னு. இத நம்பி, கழிவ அனுப்புற மில்ல நிறுத்தச் சொல்றாங்க!" என்றான். பெட்டியின் திரையில் கோடு நடுங்கிக்கொண்டிருந்தது.

நமுக்கோலோ கபாசோவைப் பெட்டியிடம் நிறுத்திவிட்டு வெளியே நடந்தாள். விரிசலுக்குப் போய், பையிலிருந்து ஒரு குவாச்சா நாணயத்தை எடுத்து அதன் தடிமனை அளந்தாள். சென்சாரின் முனைக்கும் அது அழுத்தி நிற்கும் தகட்டுக்கும் நடுவே அதைச் செருகினாள்.

"கபாசோ, எண் எவ்ளோ மாறுச்சு?"

"நடுக்கத்த விட்டுட்டுப் பாத்தா..." என்று கபாசோ அறையிலிருந்து கத்தினான். "நாணயத்தோட தடிமன் எவ்ளோவோ அவ்ளோதான் மேடம். ஒரு முடி கூடக் கொறச்சல் இல்ல!"

"இப்போ மெயின் சுவிட்ச அணைச்சிடு. பெட்டி பேட்டரியில ஓடட்டும்."

அணைத்தான். நடுக்கம் சட்டென்று நின்றது. கோடு நேராக, சுத்தமாக ஓடியது. ஆனால் ஏறியிருந்த எண் குறையவில்லை. நமுக்கோலோ நாணயத்தை எடுத்ததும், அதைச் செருகுவதற்கு முன்பு இருந்த உயரத்துக்கே திரும்பியது.

பிறகு அவள் மண்வெட்டி கேட்டாள். சிவாலேயின் முகம் வெளுத்தது அப்போதுதான். அறைக்குப் பின்னால் எர்த் கம்பி புதைந்திருந்த பள்ளத்தைக் கபாசோ தோண்டினான். ஈரமண்ணுக்குள் செம்பு பளபளத்தது. கம்பி முழுசாக அங்கேயே கிடந்தது, நடுவில் ஒரே ஓர் இடத்தில் வெட்டப்பட்டு.

"எல்லாரும் உள்ள வாங்க" என்றாள் நமுக்கோலோ. "சார், எர்த் கம்பி வெட்டுப்பட்டதால வந்தது நடுக்கம் மட்டும்தான். எர்த் இல்லேன்னா வயர்ல ஏறிக்கிற கரண்டோட இரைச்சல் அது. கரண்ட நிறுத்துனதும் அதுவும் நின்னுச்சு. ஏறியிருக்கிற எண் சென்சாரோட பைத்தியம் இல்ல, கரையோட நகர்வு. நாணயம் அதுக்குச் சாட்சி."

"சரி, திருட்டு?" என்றார் முலோபோ.

"இந்த ஊர்ல எந்தத் திருடன் சார் செம்ப வெட்டிட்டு மண்ணப் போட்டு மூடிட்டுப் போவான்? வெட்டுன ரெண்டு முனையும் ஒண்ணோட ஒண்ணு பட்டுடக் கூடாதுன்னு டேப் வேற சுத்தியிருக்கு. விக்கிறவனுக்கு டேப் எதுக்கு? எண்ண ஆட வைக்க நெனச்சவனுக்குத்தான் அது வேணும். கம்பிய அப்புறப்படுத்தவும் அவனால முடியல. வாசல்ல பெரிய பாஸுக்கும் சோதனை உண்டே. அந்த டேப் உருளை இதோ இந்த அலமாரியில இருக்கு. லுபிண்டா சாவியப் புடுங்குனது நடுக்கம் வர்றதுக்கு ஒரு வாரம் முந்தி. அதுக்கப்புறம் இந்த அறைக்குச் சாவி இருந்தது மேனேஜர்கிட்ட மட்டும்தான்."

எல்லோரும் சிவாலேயைப் பார்த்தார்கள்.

"மில்லு நின்னா மேலிடத்துல என் தலைதான் உருளும்!" என்று அவன் கத்தினான். "மழை நின்னதும் கரையச் சரிபண்ணலாம்னு..."

"மழை நிக்கிறதுக்குள்ள கீழ எத்தன பேரு நிப்பாங்கடா?" கபாசோ அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். முலோபோ நடுவில் புகுந்து விலங்கை எடுத்தார்.

"விலங்கு அப்புறம் சார்" என்றாள் நமுக்கோலோ. அன்றைக்கு அவள் குரல் உயர்ந்தது அந்த ஒரு தடவைதான். "முதல்ல சங்கு!"

கபாசோ மெயின் சுவிட்சைத் திரும்பப் போட்டு, சங்குப் பெட்டியின் கண்ணாடியை முழங்கையால் உடைத்தான். கலோங்கா முழுக்க அலறியது அந்தச் சத்தம். லுபிண்டாவைச் சாயங்காலமே விட்டுவிட்டார்கள். அவன் ராத்திரிக்குள் பாயும் அடுப்புமாக ஜனங்களை மேட்டுக்கு ஏற்றினான்.

அடுத்த பெருமழையில் கரை உடைந்தது. ஒருவரும் சாகவில்லை. ஒரு வீடும் மிஞ்சவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் லுபிண்டா தன் சீருடையைத் திருப்பிக் கொடுக்கச் சுரங்கத்துக்குப் போனான். கூடவே மோண்டேயும் போனாள். வெளியே வரும்போது காவலன் ரூல்படி அவனை நிறுத்தி, சட்டைப் பை, கால்சட்டைப் பை எல்லாம் தடவிப் பார்த்தான்.

மோண்டே இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"நல்லாத் தேடுப்பா. எங்க வீடு எங்கயாச்சும் ஒட்டிக்கிட்டு இருந்தா எடுத்துக் குடு."

காவலன் கையை எடுத்துக்கொண்டு வாசலைத் திறந்துவிட்டான்.