மணிக்கட்டைச் சாய்த்தபோது...

'மடங்கிவிடக் கூடாது... கடவுளே, அந்த விரல்கள் மடங்கிவிடக் கூடாது!'

மடங்கினால், அக்காவின் கழுத்தை நெரித்தவர் அத்தான்.

மடங்காவிட்டால், யாரோ ஒருவன். முகம் தெரியாத யாரோ ஒருவனை வெறுப்பது எவ்வளவு சுலபம்!

ட்ரிங்... ட்ரிங்...

மேஜையில் இருந்த ரப்பர் பந்துகளைத் தள்ளிவிட்டு அவள் ஃபோனை எடுத்தாள். கை அடிபட்டவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அறை அது. அவள்தான் அங்கே பிசியோதெரபிஸ்ட்.

"இன்ஸ்பெக்டர் பேசறேம்மா. உங்க அத்தான் அங்க வந்தாச்சா?"

"இன்னும் இல்ல சார்."

"உங்கக்கா கழுத்துல இருக்கறது வலது கைத் தடம். இவரோ வலது கை விரலை மடக்கவே முடியாதுங்கறார். கண்ணாடி கிழிச்சு, டாக்டர் தச்சுவிட்டது மறுபடி அறுந்துபோச்சாம். நிஜமா, டூப்பா? எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"விரலை மடக்கற தசை விரல்ல கிடையாது சார். முன்கையில இருக்கு. அங்கேருந்து நாண் நாணா இறங்கி வந்து விரலை இழுக்குது."

"பொம்மலாட்டக் கயிறு மாதிரியா?"

"அதேதான். மணிக்கட்டைப் பின்னால சாய்ச்சா கயிறு இறுகும். நல்ல கைன்னா விரல் தானா மடங்கும். கயிறு அறுந்திருந்தா, நீட்டினது நீட்டினபடி நிக்கும்."

"தூங்கறவனுக்குக்கூடவா?"

"தூங்கறவங்களுக்குக்கூட."

"பிரமாதம்! இதோ கிளம்பிட்டேன்."

ஃபோனை வைத்தாள்.

கதவு திறந்தது. அத்தான்!

உள்ளே வந்தார். கதவைச் சாத்தினார். இடது கையால் தாழ்ப்பாளைப் போட்டார்.

"தாழ்ப்பாள் எதுக்கு அத்தான்?"

"காத்து அடிக்குது."

அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது!

"என்ன டாக்டரம்மா, வேர்க்குது?" அவள் டாக்டர் இல்லை என்பதால்தான் அவர் அப்படிக் கூப்பிடுவார். அக்காவின் கல்யாணத்தில் ஆரம்பித்த கிண்டல். "சீக்கிரம் பாரு. போலீஸ்காரன் உன் வாயைத்தான் நம்பிக்கிட்டிருக்கான்."

வலது கையை மேஜை மேல் வைத்தார். செத்த மீனை வைப்பதுபோல.

சட்டைக் கையை மேலே ஏற்றினாள். முன்கையில் தழும்பு. அது நிஜம். ஆனால் அதற்கு மேலே, முழங்கையின் உட்புறம்?

மாதக்கணக்கில் வேலை செய்யாத தசை வற்றிப்போயிருக்க வேண்டும். இது அவள் உள்ளங்கையை நிறைத்தது.

மணிக்கட்டைப் பின்னால் சாய்த்தாள்.

விரல்கள் மடங்கவில்லை!

ஒரு கணம் அவளுக்கு மூச்சு வந்தது. ஒரே கணம்தான்.

முன்கையின் பின்பக்கத்தைப் பிடித்திருந்த அவள் கட்டைவிரலுக்கு அடியில் ஏதோ இறுகியது... துடித்தது... விரல்களை நிமிர்த்தும் தசை! விரல்கள் மடங்கிவிடாமல் நீட்டி வைக்க அது பாடுபட்டுக்கொண்டிருந்தது.

நாண் அறுந்த விரல் சும்மாவே நீட்டிக்கொண்டு நிற்கும். எதற்கு இந்தப் பாடு?

ஆக, கொன்றது விரல்கள் இல்லை. அவை வெறும் பொம்மைகள். கொன்றது, இதோ, இந்த முன்கை. அக்கா தினமும் எண்ணெய் தடவி நீவிவிட்ட முன்கை. கழுத்தில் அது இறுகியபோது அக்கா என்ன நினைத்திருப்பாள்? 'பரவாயில்லையே, கை நல்லாயிடுச்சே' என்றா?

"கண்டுபிடிச்சிட்டே!" அத்தான் சிரித்தார். "உங்க குடும்பத்து மூஞ்சிக்குப் பொய் சொல்லவே வராது. உங்கக்காவும் இப்படித்தான் முழிச்சா."

"அவளுக்கும் தெரிஞ்சிருச்சா?"

"ஒரு ஊறுகாய் பாட்டில்! மூடி இறுகியிருந்தது. யாரும் இல்லன்னு நெனச்சுத் திருகிட்டேன். பின்னாலயே நிக்கறா! கை போச்சுன்னு பணம் வாங்கின இன்ஷூரன்ஸ்காரன்கிட்ட உண்மையைச் சொல்லுங்க, இல்லேன்னா நானே சொல்லிடுவேன்னா. நான் எவ்வளவோ கெஞ்சினேன்..."

அவள் கதவைப் பார்த்தாள். அவர் எழுந்து போய்க் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

"கத்தணுமா? கத்து. ஆனா உங்கம்மா என் வீட்டுல படுத்த படுக்கையா இருக்காங்க. வாயில தண்ணி ஊத்தணும்னாகூட என் ஆள்தான் ஊத்தணும். நான் நல்லா இருந்தா அவங்களும் நல்லா இருப்பாங்க. செத்த கைன்னு சொல்லிடு. அவ்வளவுதான்."

டொக்... டொக்...

"நான்தாம்மா, இன்ஸ்பெக்டர்!"

அத்தானே கதவைத் திறந்தார். முகத்தில் சட்டென்று ஒரு நோயாளி வந்து உட்கார்ந்துகொண்டான்.

"பாத்தீங்களாம்மா?" இன்ஸ்பெக்டரின் பின்னால் ஒரு கான்ஸ்டபிள்.

"பாத்துட்டேன் சார். செத்த கைதான்."

இன்ஸ்பெக்டரின் முகம் தொங்கியது.

"நல்லாப் பாத்தீங்களா?"

"உங்க கண்ணாலயே பாருங்க." அத்தானின் மணிக்கட்டை அவள் பிடித்தாள். தன் குரல் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. "நல்ல கைன்னா, இப்படிச் சாய்ச்சா விரல் நீட்டிக்கிட்டே நிக்கும். நாண் அறுந்த கைன்னா தானாவே மடங்கிக்கும்."

இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தார்.

மூடிக்கொண்டார்.

"ஓஹோ... அப்படியா! எங்க, சாயுங்க பாப்போம்."

அத்தான் அவளைப் பார்த்தார். அந்தக் கண்ணில் நன்றி!

சாய்த்தாள்.

விரல்கள் மடங்கின. நல்ல பிள்ளையாக, நான்கும் ஒன்றாக, நுனிகூட பாக்கியில்லாமல்!

"அடடா!" இன்ஸ்பெக்டர் கை தட்டினார். "கயிறு அறுந்த பொம்மை என்னமா ஆடுது!"

"என்ன சார் சொல்றீங்க?"

"அறுந்த கை மடங்காதுய்யா. இந்தம்மா அப்பவே ஃபோன்ல சொல்லிட்டாங்க."

அத்தான் அவள் பக்கம் பாய்ந்து திரும்பினார்.

"மடங்கும்னு நீதானேடி சொன்னே! அதனாலதானே மடக்கினேன்!"

கான்ஸ்டபிள் இருமினார்.

"சார்... எங்கம்மா அவர் வீட்டுல..." அவள் குரல் இப்போதுதான் உடைந்தது.

"இவர் வீட்டை விட்டுக் கிளம்பினதுலேருந்து நம்ம பொம்பளை போலீஸ் ரெண்டு பேர் அங்கதாம்மா உக்காந்திருக்காங்க. நீங்க கவலையை விடுங்க."

விலங்கு வலது மணிக்கட்டில் ஏறியது. அத்தானின் நெற்றியில் வியர்வை.

"இறுக்குது... தழும்பு மேலயே இறுக்குது! டாக்டரம்மா, நீ சொன்னா கேப்பாங்க. கொஞ்சம் தளர்த்தச் சொல்லேன்... வலி தாங்கலம்மா!"

அவள் சிதறிக் கிடந்த ரப்பர் பந்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மேஜையில் வைத்தாள்.

"மாட்டேன் அத்தான்," என்றாள் மெதுவாக. "செத்த கை வலிக்காது."