ஒவ்வொருவராய் வரலாம்

தடம் காட்டின் நடுவில் தொடங்கியது. கார் நிறுத்தும் இடத்திலிருந்து அரை மணி நேரமாக மூவரும் யாரும் கால் வைக்காத புதுப்பனியில் ஸ்கீ கட்டைகளைத் தள்ளித் தள்ளி ஏறிக்கொண்டிருந்தார்கள். இடது பக்கம் ஓடை பனிக்கு அடியில் முணுமுணுத்தது. லார்ச் மரக் கிளைகளிலிருந்து பனி பொத் பொத்தென்று விழுந்தது. காலை ஒன்பது மணிக்கும் வெளிச்சம் அழுக்குத் தண்ணீர் நிறத்தில்தான் இருந்தது. அப்போது இரண்டு மரங்களுக்கு நடுவே, எங்கிருந்தும் வராமல், கட்டை பதிந்த இரு கோடுகள் தொடங்கி மேலே போயின. வால்புர்கா நின்றுவிட்டாள்.

"அட, யாரோ நமக்கு முன்னாடியே போயிருக்காங்க. பாதி வேலை மிச்சம்," என்றான் கிளெமென்ஸ்.

"எங்கிருந்து போனாங்க? வானத்துலருந்து குதிச்சாங்களா?"

"வேற வழியா வந்திருப்பாங்க. தடம் இருக்குன்னா பயம் இல்லன்னு அர்த்தம், புர்கி."

கிளெமென்ஸ் அவள் தங்கை ரோசினாவைக் கட்டிக்கொள்ளப் போகிறவன், வியன்னாவில் பல் டாக்டர். காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவும்போது அவளை "நீங்க" என்றுதான் கூப்பிட்டான். கடைசிப் பண்ணை வீட்டைத் தாண்டினால் எல்லாரும் எல்லாரையும் "நீ" என்பதுதான் இந்தப் பள்ளத்தாக்கின் வழக்கம், மேயரே வந்தாலும் மேலே நீதான். அந்த வழக்கத்தை எங்கோ கேள்விப்பட்டு வந்தவன், பண்ணை வீட்டுப் புகைபோக்கி கண்ணுக்கு மறைவதற்குள் நீ, வா, போ எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சொல்லித் தீர்த்துவிட்டான். புர்கி என்று வேறு கூப்பிட்டான். அந்தப் பெயரை அவள் அம்மாவுக்கே அளந்துதான் கொடுத்திருந்தாள்.

தடத்தை நம்பி ஏறுகிற கூட்டத்தை வால்புர்காவுக்கு நன்றாகத் தெரியும். மலை மீட்புக் குழுவில் சேர்ந்து பத்தொன்பது குளிர்காலம் ஆகிறது. அவர்களைப் பெரும்பாலும் படுத்த நிலையில்தான் பார்த்திருக்கிறாள். புத்தம்புது ஜாக்கெட், ஒரு மாதச் சம்பளம் விலையுள்ள கட்டைகள், மண்டைக்குள் மட்டும் காற்று. நேற்று மாலை வந்த அறிக்கை பனிச்சரிவு அபாயம் மூன்றாம் நிலை என்றது. ஐந்துக்கு மூன்று என்றால் இந்த ஜனங்களுக்குப் பாஸ் மார்க். இரண்டு நாளாக அடித்த தெற்குக் காற்று பனியை வாரி வாரி மேலே சரிவுகளில் பலகையாக அடுக்கியிருக்கிறது, அடியில் சர்க்கரை மாதிரி உதிரிப் பனி, ஒருவன் எடை போதும் மொத்தமும் வழுக்கிக்கொண்டு வர. நேற்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் இதையெல்லாம் சொன்னாள். ரோசினா கேட்டுவிட்டு, "நாங்க போகத்தான் போறோம். நீ வர்றதுன்னா வா," என்றாள். அதனால்தான் வந்தாள். மரங்கள் முடியும் மரக்கோடு வரை போய், தங்கையை எப்படியாவது திருப்பிக் கூட்டி வந்துவிட வேண்டும். அந்த ஆளும் கூடவே வந்தால் வரட்டும்.

தடத்தில் ஏறினார்கள். சரியான சாய்வு, சரியான திருப்பம். போட்டவனுக்கு மலை தெரியும். ஆனால் கைக்கோல் ஊன்றிய குழி ஒன்றுகூட ஓரத்தில் இல்லை. பனி விடாமல் பெய்துகொண்டிருந்தது, ரோசினாவின் முதுகுப்பை வெளுத்துவிட்டது, அவள் ஆரஞ்சுத் தொப்பியின் மேல் ஒரு விரற்கடை ஏறிவிட்டது, தடத்துக்குள் மட்டும் ஒரு துகள் தங்கவில்லை. வால்புர்கா குனிந்து கையுறையைக் கழற்றி அந்தக் கோட்டைத் தொட்டாள். அதிலிருந்து ஒரு வாடை வந்தது. ஈரக் கம்பளியும் அடைபட்ட மூச்சும் கலந்த வாடை. பனியில் புதைந்த ஆட்களைத் தோண்டும்போது, குழி திறக்கும் அந்த நொடியில் வருவது. திறந்த மலையில், இந்தக் குளிரில், அது வர வழியே இல்லை. காலையில் குடித்த காபி சரியில்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டு எழுந்தாள். பயம் வந்துவிட்டது, அதை அந்தப் பல் டாக்டர் முன்னால் காட்டிக்கொள்வதற்கு அவள் வேறு பிறவி எடுக்க வேண்டும்.

மரங்கள் முடிந்த இடத்தில் மூடுபனி தொடங்கியது. வானமும் தரையும் ஒரே வெள்ளை. முன்னால் ஒரு பாறை முதுகு, அதைத் தாண்டி கிண்ணம் போல் குழிந்த பெரிய சரிவு. அதன் அக்கரையில் இன்னொரு பாறை இருப்பது அவளுக்குத் தெரியும், இன்று கண்ணுக்குத் தெரியவில்லை. தடம் மட்டும் குறுக்கே நேராக வெள்ளைக்குள் போயிற்று.

பாறை முதுகில் மூவரும் நின்றபோது, காலுக்கு அடியில் எங்கோ ஆழத்தில் யாரோ பெரிய மூச்சு விட்டதுபோல் ஹும் என்று ஒரு சத்தம் கேட்டது. சுற்றிலும் பனிப்பரப்பு ஒரே நேரத்தில் கொஞ்சம் கீழே அமர்ந்தது. அடியில் உதிரிப் பனி நொறுங்கும் சத்தம் அது, சரிவு எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம் என்று அர்த்தம். ரோசினா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது நல்லதுதான்," என்றான் கிளெமென்ஸ். "உக்காந்துடுச்சு. இனிமே இறுகிடும். கோர்ஸ்ல சொல்லிக் கொடுத்தாங்க."

"எந்தக் கோர்ஸ்ல? பல்லு புடுங்குற கோர்ஸ்லயா?"

"புர்கி, தடம் குறுக்க போகுது பாரு. போனவன் போய்ச் சேர்ந்திருக்கான். சரிவு ஒண்ணும் ஆகல."

"திரும்பி வந்த தடம் எங்க?"

"அந்தப் பக்கமா இறங்கியிருப்பான்."

"அந்தப் பக்கம் முந்நூறு மீட்டர் செங்குத்துப் பாறை. உன் ஆளுக்கு றெக்கை இருக்கும்போல."

ரோசினா கையை விட்டாள். "போதும்க்கா. அவர் எதைச் சொன்னாலும் உனக்கு இளக்காரம்தான். நான் யாரைக் கூட்டிட்டு வந்தாலும் இளக்காரம்தான். ஒரு தடவையாவது மனுஷங்ககிட்ட பேசுற மாதிரி பேசேன்."

எனக்குப் பயமாக இருக்கிறது ரோசி, வா வீட்டுக்குப் போகலாம். இதுதான் தொண்டை வரை வந்தது. இதைச் சொல்லியிருந்தால் ரோசினா நின்றிருப்பாள். சின்ன வயதிலிருந்தே அக்கா பயந்து அவள் பார்த்ததில்லை. ஆனால் கிளெமென்ஸ் உதட்டோரமாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"போங்க," என்றாள் வால்புர்கா. "தாராளமா போங்க. தோண்டி எடுக்கத்தான் நான் இருக்கேனே."

ரோசினாவின் முகம் வெளுத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இப்படிப்பட்ட சரிவை எல்லாரும் சேர்ந்து கடக்க மாட்டார்கள். ஒருவர் போவார், அக்கரைப் பாறையில் ஒதுங்கியதும் குரல் கொடுப்பார், அதன் பிறகுதான் அடுத்தவர். கிளெமென்ஸ் முதலில் போனான். பத்துப் பதினைந்து தள்ளலில் மூடுபனி அவனை எடுத்துக்கொண்டது. கட்டைகள் பனியில் உரசும் ஸ்ஸ்க், ஸ்ஸ்க் சத்தம் தேய்ந்தது. கொஞ்ச நேரத்தில் அக்கரையிலிருந்து குரல் வந்தது.

"வரலாம். பத்திரமா இருக்கேன்."

ரோசினா திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள். ஆரஞ்சுத் தொப்பி மங்கி, பழுப்பாகி, இல்லாமல் போயிற்று. வால்புர்கா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வாய்ச் சொல்லைத் திரும்ப அள்ளி உள்ளே போட்டுக்கொள்ள முடிந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அப்போதுதான் உறைத்தது. அந்த ஆள் ஏறும்போது ஆமை. இந்தச் சரிவின் பாதியைக்கூட அவன் அதற்குள் கடந்திருக்க முடியாது. தவிர, குட்மார்னிங் சொல்லவே கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறவன், மூன்றே சொல்லில் நிறுத்திவிட்டான்.

"ரோசி, நில்லு."

ஸ்ஸ்க், ஸ்ஸ்க். கட்டைகள் இன்னும் நடுச்சரிவில் உரசிக்கொண்டுதான் இருந்தன. அந்தச் சத்தம் கேட்கும்போதே, அதைத் தாண்டி, அக்கரையிலிருந்து ரோசினாவின் குரல் வந்தது.

"வரலாம். பத்திரமா இருக்கேன்."

உரசல் நின்றது.

ஒரு கூச்சல் இல்லை. சரிவு அசையவில்லை. எதுவும் விழவில்லை. நின்றது, அவ்வளவுதான்.

"ரோசி. கிளெமென்ஸ் உன் பக்கத்துல இருக்கானா?"

"வரலாம். பத்திரமா இருக்கேன்."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுடி."

"வரலாம். பத்திரமா இருக்கேன்."

அதே ஏற்றம், அதே இறக்கம். பிறகு ஓர் ஆண் குரல் அதையே சொன்னது, "ப"வில் திக்கித் திக்கி. தபால்காரர் காஸியன். இரண்டு வருஷம் முன்பு, இதே கிண்ணத்தின் அடியில், அவரைப் பிணமாகக் காலைப் பிடித்து இழுத்து எடுத்தவள் இவள்தான். பிறகு இரண்டு பெண்கள் சேர்ந்தாற்போல். அவர்களை உயிரோடு இவள் பார்த்ததில்லை. ஆனாலும் யாரென்று தெரிந்தது. பிறகு இன்னும் பல பேர். கத்தவில்லை, அழவில்லை, பக்கத்து வீட்டிலிருந்து கூப்பிடுவதுபோல் சாதாரணமாகக் கூப்பிட்டார்கள். வரலாம். வரலாம். பத்திரமா இருக்கோம்.

திரும்பி ஓடலாம். கால்கள் அதைத்தான் விரும்பின. ஆனால் உள்ளே இருப்பது ரோசினா.

மார்பில் கட்டியிருந்த சிக்னல் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றினாள். புதைந்தவர் மார்பிலும் ஒன்று இருக்கும், அது துடிக்கும், இது பிடிக்கும். அம்புக்குறி காட்டியது. நாற்பது மீட்டர். அக்கரைக்கு அல்ல. நடுச்சரிவுக்கு.

பத்தொன்பது வருஷமாக யார் யாரை எதற்காகத் திட்டினாளோ, அதையே செய்தாள். தடத்தில் காலை வைத்து இறங்கினாள்.

முப்பது. இருபது. வாடை கனத்தது. பனிப்பரப்பு வழவழவென்று இருந்தது. ஒரு விரிசல் இல்லை, ஒரு கட்டி உருளவில்லை. பத்து. நான்கு. கட்டைகளைக் கழற்றினாள். மண்டியிட்டாள். கருவியைத் தரையோடு ஒட்டி நகர்த்தினாள். இரண்டு. இரண்டு. இரண்டு. அதற்கு மேல் குறையவில்லை, இரண்டு மீட்டர் ஆழம்.

நீளக் கம்பியைச் செருகினாள். இறங்கியது. இறங்கியது. மெத்தென்று எதிலோ முட்டியது.

பனி அள்ளும் வாரியால் தோண்டினாள். புதுப்பனி. காற்று இறுக்கிய பலகை. அதன் கீழ் செம்மண் நிறத்தில் ஒரு மெல்லிய கோடு. ஒரு மாதம் முன்பு, ஜனவரியில், ஆப்பிரிக்காப் பாலைவனத் தூசு காற்றோடு வந்து மலை முழுதும் படிந்த நாள் அது. கோடு கலையாமல் நேராக இருந்தது. அதற்கு மேல் எவனும் எதையும் கிளறவில்லை. அதற்குக் கீழ் இருப்பது ஒரு மாதமாக அங்கேயே இருப்பது.

அதற்குக் கீழ் ஆரஞ்சு தெரிந்தது.

வாரியை எறிந்தாள். கையால் கிழித்தாள். தொப்பி. நெற்றி. திறந்த கண். உதட்டின் மேல் கண்ணாடி மாதிரி பனி உறைந்திருந்தது. அது மூச்சு உறைந்த பனி, புதைந்த பிறகும் நெடுநேரம் உயிர் இருந்தால்தான் வரும். ரோசினா இங்கே கிடந்து மூச்சு விட்டிருக்கிறாள். காத்திருந்திருக்கிறாள். தோண்டி எடுக்க அக்கா வருவாள் என்று.

"ரோசி, வந்துட்டேன்டி. மன்னிச்சுக்கோ. வந்துட்டேன்."

"வரலாம்," என்றது அக்கரையில் ரோசினாவின் குரல்.

அப்போது இவள் விட்டுவந்த பாறை முதுகில் கட்டைகள் உரசும் சத்தம் கேட்டது. மூன்று பேர், நான்கு பேர். தடத்தைப் பிடித்து ஏறி வந்தவர்கள். சிரிப்பு, யாரோ மூக்கைச் சிந்துவது. இளம் பெண்ணின் குரல் ஒன்று கேட்டது:

"ஹலோ, அந்தப் பக்கம் யாராச்சும் இருக்கீங்களா? கடக்கலாமா?"

வராதே என்று கத்த வால்புர்கா மூச்சை இழுத்தாள். அதற்குள் அக்கரையிலிருந்து பதில் வந்தது. கணீரென்று, எரிச்சலும் எகத்தாளமுமாக, ஊரே அடையாளம் கண்டுகொள்ளும் குரல். வால்புர்காவின் குரல்.

"கடக்கலாம், கடக்கலாம். தொடைநடுங்கிங்க மாதிரி ஏன் நிக்கிறீங்க? ஒவ்வொருத்தரா வாங்க."

"உள்ளூர்க்காரங்கப்பா," என்று ஒருவன் நிம்மதியாகச் சிரித்தான். யாரோ தள்ளிக்கொண்டு கிளம்பினார்கள். ஸ்ஸ்க், ஸ்ஸ்க்.

அவள் கத்தினாள். சத்தம் வரவில்லை. வாய் நிறையப் பனி. கையை வாய்க்குக் கொண்டுவரப் பார்த்தாள், கை வரவில்லை. கண்ணை மட்டும் மேலே உருட்ட முடிந்தது.

தலைக்கு மேலே அந்தச் செம்மண் நிறத் தூசுக் கோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, எங்கும் அறுபடாமல், நேராகப் போயிருந்தது.